வாங்கிய செயலி தேதி தாண்டி முடங்கினால்: எந்த வழி எதற்கு உதவும்?

முந்தின நாள் ராத்திரி வரை என் மேக் கணினியில் ஒழுங்காக ஓடிய செயலி அது. காலையில் ஐகானை அழுத்தினால், "இந்தச் செயலி சேதமடைந்துள்ளது, திறக்க முடியாது. நீக்கிவிட்டு ஸ்டோரிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளவும்" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. கணினியே சொல்கிறதே என்று நம்பி, மிச்சம் மீதி இல்லாமல் வழித்தெடுக்கும் ஒரு துப்புரவு மென்பொருளை வைத்து நீக்கினேன். செயலி திரும்பி வந்தது. அதற்குள் இருந்த இரண்டு வருஷக் குறிப்புகள் வரவில்லை. செயலியில் ஒரு பைட்கூடக் கெட்டிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் ஒரு டிஜிட்டல் சான்றிதழின் தேதி முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால் இந்த அலசலுக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: இதைச் செய்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? வேகம், சுலபம் எல்லாம் அதற்கு அப்புறம்.

வழிகளை ஒப்பிடும் முன் எந்தச் சான்றிதழ் முடிந்தது என்று பார்த்துவிட வேண்டும். ஒரு செயலியைச் சுற்றி நாலு விதம் இருக்கிறது. வாங்கியதற்கு ஸ்டோர் தரும் ரசீதுக்குப் பின்னால் ஒன்று. டெவலப்பர் நிரலில் போட்ட கையொப்பத்தில் ஒன்று. ஐகிளவுட் போன்ற வசதிகளுக்காகச் செயலிக்குள் வைக்கப்படும் ப்ரொவிஷனிங் ப்ரொஃபைல் என்கிற அனுமதிக் கோப்பு ஒன்று. செயலி இணையத்தில் பேசும் சர்வரை நம்பலாம் என்று சொல்லும் வேர்ச் சான்றிதழ் ஒன்று. செயலி திறக்காமல் ஸ்டோர் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருந்தால் ரசீதைச் சந்தேகிக்கலாம். டெவலப்பரிடம் நேராக வாங்கிய மேக் செயலி, சத்தமே இல்லாமல் திறந்த மாத்திரத்தில் மூடிக்கொண்டால் அனுமதிக் கோப்பு. திறந்து வேலை செய்கிறது, ஆனால் சிங்க் மட்டும் ஆகவில்லை என்றால் வேர்ச் சான்றிதழ். இந்த நாலுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பலன் இருக்காது, சில சமயம் கேடும் வரும்.

முதல் ஒப்பீடு: ரீஸ்டார்ட் செய்து மறுபடி லாகின் செய்வதா, நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதா?

இதற்கு நல்ல பாடம் 2015 நவம்பர் 11. அன்று மேக் ஆப் ஸ்டோர் ரசீதுகளைச் சரிபார்க்கும் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. உலகம் முழுக்கக் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் "சேதமடைந்தவை" ஆகிவிட்டன. ஆப்பிள் புதுச் சான்றிதழை முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. ஆனால் பல கணினிகள் பழைய தகவலையே நினைவில் வைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ரீஸ்டார்ட் செய்து, ஸ்டோரில் லாக் அவுட் ஆகி மறுபடி லாகின் செய்ததுமே செயலிகள் எழுந்து உட்கார்ந்தன. அந்தக் கணினிகளில் எதையும் நீக்கவே தேவையிருக்கவில்லை.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நம்பிக்கை வரும். ரசீது என்பது செயலியின் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு கோப்பு. அன்றைய மேக்குகளில் செயலி திறக்கும்போது அதைப் படித்து, சரியில்லை என்று பட்டால் 173 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். அந்த 173-ஐக் கேட்டதும் சிஸ்டம் ஸ்டோரிடம் போய்ப் புது ரசீது வாங்கி வரும். உங்களிடம் பாஸ்வேர்டு கேட்பது அதற்காகத்தான். நெட் இல்லாத இடத்தில் உட்கார்ந்து எத்தனை முறை அழுத்தினாலும் நடக்காததும் அதனால்தான்.

ஆனால் அதே 2015-இல் லாகின் செய்தும் எழுந்திருக்காத செயலிகள் இருந்தன. புதுச் சான்றிதழ் எஸ்எச்ஏ-2 என்ற புதிய கையொப்ப முறையில் இருந்தது. சில செயலிகளுக்குள் சான்றிதழ்களைப் படிக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல் நூலகத்தின் மிகப் பழைய பதிப்பு இருந்ததால் அதைப் படிக்கத் தெரியவில்லை. கடைசியில் ஆப்பிளே பின்வாங்கி, பழைய எஸ்எச்ஏ-1 முறையில் வேறொரு சான்றிதழைப் போட்டது. இந்த இடத்தில் பயனர் என்ன செய்திருந்தாலும் தீர்ந்திருக்காது. அன்றைக்கு நீக்கி நீக்கி இன்ஸ்டால் செய்தவர்களைவிட, ஒரு நாள் பொறுத்திருந்தவர்கள் நஷ்டப்படவில்லை.

நீக்கி இன்ஸ்டால் செய்வதை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. ரசீது நிஜமாகவே பாழாகியிருந்தால் அதுதான் வழி. ஆனால் அதில் இரண்டு ஆபத்து. ஸ்டோரில் இப்போது இருக்கும் பதிப்பு உங்கள் பழைய சிஸ்டத்தில் ஓடாமல் போகலாம். ஓடிக்கொண்டிருந்த பதிப்பு குப்பைத்தொட்டியோடு போய்விடும். இன்னொன்று நான் பட்டது. மேக்கில் ஐகானைக் குப்பைக்கு இழுத்தால் லைப்ரரி ஃபோல்டருக்குள் 'கன்டெய்னர்ஸ்' என்ற இடத்தில் இருக்கும் தரவு தப்பிக்கும். துப்புரவு மென்பொருள் அதையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். ஆகவே நீக்கியே தீர வேண்டும் என்றால் முதலில் செயலியை ஒரு ஜிப் கோப்பாக்கி வேறு டிரைவில் வையுங்கள், கன்டெய்னர்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுங்கள், பிறகு கையால் இழுத்து நீக்குங்கள்.

கணினி செயலியில்லை என்றாலும் இங்கே சொல்ல வேண்டிய ஒன்று: 2025 மார்ச்சில் டிவியில் செருகி வீடியோ பார்க்கும் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் இதே மாதிரி சான்றிதழ் முடிந்து நின்றன. கூகுள் சொன்ன முதல் வார்த்தை, ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள் என்பதுதான். அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்களுக்குத்தான் மறுபடி அமைப்பது பெரும்பாடானது.

அடுத்தது எல்லோரும் சொல்லும் உபாயம்: கணினியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது. இதற்கு எதிர்ப் பக்கத்தில் புதுச் சான்றிதழைக் கையால் கொண்டுவந்து சேர்ப்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கடிகாரம் நன்றாக வேலை செய்த இடம் உண்டு. 2016 பிப்ரவரி 14-இல் ஆப்பிளின் ஓர் இடைநிலைச் சான்றிதழ் (வேர்ச் சான்றிதழுக்கும் கையொப்பத்துக்கும் நடுவில் நிற்பது) முடிந்தபோதும், 2019 அக்டோபர் 24-இல் இன்னொன்று முடிந்தபோதும், ஏற்கெனவே இறக்கி யூஎஸ்பி டிரைவில் வைத்திருந்த ஓஎஸ் எக்ஸ், மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்கள் "சரிபார்க்க முடியவில்லை" என்று மறுத்தன. நெட்டைத் துண்டித்து, கட்டளை தட்டும் டெர்மினலில் பழைய தேதியைக் கொடுத்தால் இன்ஸ்டாலர் மறுபேச்சில்லாமல் ஓடியது. ஒரு தடவை ஓடி முடிகிற வேலை, முடிந்ததும் தேதியைச் சரிசெய்துவிடலாம். அந்த அளவுக்கு இது நல்ல வழிதான். நிரந்தரமான வழி, ஆப்பிள் புதிதாகக் கையொப்பமிட்டு வெளியிட்ட இன்ஸ்டாலரை மறுபடி இறக்குவது. 2019-இல் அப்படி வந்தவை 2029 ஏப்ரல் வரை செல்லும்.

தினமும் திறக்கும் செயலிக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். சான்றிதழ்களுக்கு முடிவு தேதி இருப்பது போலத் தொடக்கத் தேதியும் உண்டு. 2020 செப்டம்பரிலிருந்து இணையதளச் சான்றிதழ்களின் ஆயுள் அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள். 2029-இல் 47 நாள் ஆகப்போகிறது. கடிகாரத்தை இரண்டு வருஷம் பின்னால் தள்ளினால் நீங்கள் திறக்கும் தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை என்றாகும். ஒரு செயலியைத் திறக்கப் போய் நெட் முழுவதையும் மூடிக்கொள்வீர்கள். இரண்டடுக்குப் பாதுகாப்புக்காகக் கணினியில் வரும் ஆறு இலக்க எண்களும் நேரத்தை வைத்துத்தான் கணக்காகின்றன, அவையும் தப்பாக வரும். பேக்கப்பும் சிங்க்கும் எந்தக் கோப்பு புதியது என்று குழம்பும். இந்தக் கடைசிக் குழப்பம் மட்டும் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாலும் சரியாகாமல் போகலாம்.

கையால் சான்றிதழ் சேர்ப்பது அப்படியில்லை. 2021 செப்டம்பர் 30-இல் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற வேர்ச் சான்றிதழ் முடிந்தபோது, பழைய மேக்குகளில் இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சான்றிதழ் வைத்திருந்த சர்வர்களோடு பேசும் செயலிகள் துண்டிக்கப்பட்டன. செயலிமேல் குற்றமில்லை. ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற புது வேர்ச் சான்றிதழை அதை வெளியிடும் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, மேக்கில் பாஸ்வேர்டுகளும் சான்றிதழ்களும் இருக்கும் கீசெயின் அக்சஸில் 'சிஸ்டம்' பகுதியில் சேர்த்து, 'எப்போதும் நம்பு' என்று வைத்தால் முடிந்தது. ஐந்து நிமிஷ வேலை. பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிடலாம். அது 2035 வரை செல்லும். ஒரே ஒரு எச்சரிக்கை: வேர்ச் சான்றிதழ் என்பது வீட்டுச் சாவி. வெளியிட்டவர் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும், யார் அனுப்பிய கோப்பாக இருந்தாலும், சேர்க்கவே கூடாது.

ரசீதுச் சிக்கலுக்கு இந்த வழி அநேகமாக உதவாது. விதிவிலக்கு உற்பத்தியாளரே அந்த வேலையைச் செய்து தருவது. 2016 ஜனவரியில் ஸ்னோ லெப்பர்ட் என்ற பழைய மேக் சிஸ்டம் வைத்திருந்தவர்களுக்கு, ஸ்டோரில் வாங்கிய செயலிகள் தொடர்ந்து ஓடச் சான்றிதழைப் புதுப்பிக்கும் அப்டேட் ஒன்றை ஆப்பிள் கொடுத்தது. 2009-இல் வந்த சிஸ்டத்துக்கு 2016-இல் ஒரு அப்டேட். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன்.

இனி, நாமே செயலிக்கு மறுகையொப்பம் போடுவது. மேக்கில் கோட்சைன் கட்டளையால் யாரும் பெயரில்லாத ஒரு கையொப்பத்தைப் போட்டுவிடலாம். இதைத் துணிந்து செய்பவர்கள் பலர், ஆனால் வாங்கிய செயலிக்கு இது அரைகுறை வைத்தியம். ஐகிளவுட் அனுமதி போய்விடும், பாஸ்வேர்டுகளைச் சேமித்த இடத்தை எட்ட முடியாமல் போகலாம். ரசீதைச் செயலியின் நிரலே சரிபார்க்கும்போது வெளிக் கையொப்பத்தை மாற்றி என்ன பயன்? ஆப்பிள் சிலிக்கான், அதாவது ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள கணினிகளில் கையொப்பம் கெட்டுப்போனால் செயலி ஓடவே ஓடாது.

அதே கோட்சைன் கட்டளையைப் பார்க்க மட்டும் பயன்படுத்துவது வேறு விஷயம், அதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். விவரம் காட்டச் சொல்லிச் செயலியின் பெயரைக் கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு வரி வரும். அதில் 'டைம்ஸ்டாம்ப்' என்று ஒரு வரி இருந்தால், கையொப்பம் போட்ட நேரத்துக்கு ஒரு நம்பகமான சர்வர் சாட்சி சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். சான்றிதழ் உயிரோடிருந்தபோது போட்ட கையொப்பம், பிறகு அது முடிந்தாலும் செல்லும். அப்படியானால் கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள். 'சைன்டு டைம்' என்று மட்டும் இருந்தால் அது சாட்சியில்லாத தேதி. விண்டோஸில் இன்னும் சுலபம்: கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதியில் நேர முத்திரைக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது.

அந்த ஒரு வரி இல்லாததால் வந்த வினை, 2018 மார்ச் 7-இல் மெய்நிகர் உலகம் காட்டும் ஆக்குலஸ் ரிஃப்ட் தலைக்கவசங்கள் ஒட்டுமொத்தமாக நின்றது. நேர முத்திரை இல்லாத ஒரு கோப்பு. சான்றிதழ் முடிந்ததும் மென்பொருள் அதை ஏற்க மறுத்தது. அப்டேட் செய்ய வேண்டிய பகுதியும் அதையே நம்பியிருந்ததால் தானாக அப்டேட் வரவும் வழியில்லை. பயனர்கள் கையால் ஒரு பேட்சை இறக்கி ஓட்ட வேண்டியிருந்தது. நிறுவனம் 15 டாலர் ஸ்டோர் வரவும் கொடுத்தது. இந்த வகையில் பயனர் செய்யக்கூடியது, உற்பத்தியாளர் பக்கத்தைத் திறந்து புதுக் கோப்பைத் தேடுவது ஒன்றுதான்.

2017 பிப்ரவரியில் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் 1பாஸ்வேர்டு மேக் செயலிக்கு நடந்ததும் இதே வகை, காரணம்தான் வேறு. நேராக விற்ற பதிப்பின் கையொப்பம் நன்றாக இருந்தது. உள்ளே இருந்த அனுமதிக் கோப்பு முடிந்துவிட்டதால் செயலி திறக்கவில்லை. திறக்காத செயலி தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளவும் முடியாது. புதுப் பதிப்பைத் தளத்திலிருந்து இறக்கிப் பழையதன் மேல் வைத்தவர்களுக்குத் தரவு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அந்த அனுமதிக் கோப்புகளின் ஆயுளை ஆப்பிள் 18 வருஷமாக நீட்டியது.

ஸ்டோரில் வாங்குவதா, டெவலப்பரிடம் நேராக வாங்குவதா என்ற கேள்வியும் இங்கே வந்து சேர்கிறது. ஸ்டோர் பக்கம் சரிசெய்தால் ஒரே நாளில் எல்லாச் செயலியும் எழும். அதுவரை டெவலப்பர் கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். நேராக வாங்கினால் டெவலப்பர் அன்றே புதுப் பதிப்பு தரலாம். அவர் கடையை மூடியிருந்தால் யாரும் வர மாட்டார்கள். எழுத்து, கணக்கு, குறிப்பு என்று என் தரவு உள்ளே தங்கும் செயலிகளை நான் நேராக வாங்குகிறேன், இன்ஸ்டாலரையும் உரிம எண்ணையும் சேர்த்து வைக்க முடிகிறது என்பதற்காக. மற்றவற்றை எங்கே வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான்.

டெவலப்பரும் இல்லை, புதுப் பதிப்பும் இல்லை என்ற நிலைக்குக் கடிகார வழியையே பத்திரமாகப் பயன்படுத்த முடியும். மெய்நிகர் இயந்திரம் ஒன்றில், அதாவது உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், பழைய சிஸ்டத்தைப் போடுங்கள். நெட் இணைப்பை எடுத்துவிடுங்கள். முக்கியமாக, வெளிக் கணினியின் நேரத்தை எடுத்துக்கொள்ளும் அமைப்பை அணையுங்கள், இல்லையென்றால் தேதி தானாக இன்றைக்குத் திரும்பிவிடும். சான்றிதழ் உயிரோடிருந்த ஒரு நாளை உள்ளே வைத்து, ஜிப்பாக வைத்திருந்த செயலியையும் தரவு ஃபோல்டரையும் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். ஸ்டோர் ரசீது அது இறக்கப்பட்ட கணினியோடு பிணைந்தது என்பதால் ரசீதைச் சரிபார்க்கும் ஸ்டோர் செயலிகள் இங்கே மறுக்கும். நேராக வாங்கியவை பெரும்பாலும் திறக்கும். திறந்ததும் அதில் வேலையைத் தொடர வேண்டாம். எக்ஸ்போர்ட் மெனுவுக்குப் போய், எல்லாவற்றையும் வெறும் உரைக் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ வெளியே எடுத்துவிடுங்கள்.