விற்றுப்போன சேலைக்கு இன்னும் ஆர்டர் வருகிறது: ரீல்ஸ், ஷார்ட்ஸ் பற்றி என் அனுபவம்

ரவிக்கையில் ஆரி எம்பிராய்டரி வேலை செய்யும் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, நானும் ரீல்ஸ் போட ஆரம்பிக்கட்டுமா? உங்களுக்கு அதுலதானே வியாபாரம் ஓடுது?" ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் சொல்ல மனம் வரவில்லை. ஏன் என்று விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் மதுரையில் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை விற்கிறேன். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அதைப் போலவே குட்டி வீடியோ போட ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. கொரோனாவால் கடைக்கு ஆள் வராத காலம் என்பதால் இரண்டிலும் அப்போதே இறங்கிவிட்டேன். எந்த லைட் வாங்குவது, எந்த ஆப்பில் வெட்டி ஒட்டுவது என்பதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் வியாபாரத்தில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரியது. மதுரை சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இருந்தாலும் துணியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலைக்கும் பிரிண்ட் போட்ட சேலைக்கும் விலை ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கடைக்கு வருகிறவர்களுக்குப் புரியவைப்பது பெரும் பாடு. இரண்டிலும் புள்ளிதானே இருக்கிறது என்பார்கள். நானும் பேசிப் பேசிச் சலித்துப்போயிருந்தேன். ஒருநாள் சாயம் போட்டுக் காய்ந்த சேலையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க, கட்டியிருந்த நூல் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழ்ந்து, உள்ளே சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வெளியே வந்ததை எடுத்துப் போட்டேன். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. துணி இழுபடும் சத்தம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. "இது முடிச்சா, பிரிண்டா?" என்று அவர்களே கேட்கிறார்கள். புள்ளியைத் தடவி, துணி லேசாகச் சுருங்கி மேடு தட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். முடிச்சுப் போடும் வீட்டுப் பெண்களுக்குத் தரும் கூலியைக் கூட்ட முடிந்தது இதனால்தான். எத்தனையோ வருடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அரை நிமிட வீடியோ செய்துவிட்டது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். வீடியோவுக்கு வயதே ஆவதில்லை.

கையால் செய்கிற சேலை ஒன்று போல இன்னொன்று வராது. மயில்கழுத்து நிறத்தில் அரக்கு பார்டர் ஒன்று அமைந்தால், அது அன்றைய சாயம், அன்றைய வெயில். அடுத்த முறை அதே ஆள் அதே சாயம் போட்டாலும் ஒரு சாயல் கூடும், குறையும். வீடியோ போட்ட அன்று மாலையே அது விற்றிருக்கும். ஆனால் அந்த வீடியோ ஏழெட்டு மாதம் கழித்துத் திடீரென்று ஓட ஆரம்பிக்கும். ஏன் ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள், ஒன்றும் தெரியாது. காலையில் போனைத் திறந்தால் ஸ்கிரீன்ஷாட்டாக வந்து குவிந்திருக்கும். "இதுதான் வேணும் சிஸ்டர்", "இதே கலர், இதே பார்டர்." தீர்ந்துவிட்டது என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. "அப்ப எதுக்கு வீடியோ போடுறீங்க?" என்று கேட்பவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, அவர் கேட்பது நியாயம். அவருக்கு அது இன்று காலை வந்த வீடியோ.

வீடியோவோடு எழுதும் விளக்கத்தில் "விற்றுவிட்டது" என்று திருத்தலாம், திருத்துகிறேன். அதை யார் விரித்துப் படிக்கிறார்கள்? இப்போது கையில் இருக்கும் சேலைகளின் பட்டியலுக்கு லிங்க் கொடுக்கலாம் என்றால், ரீல்ஸ் விளக்கத்தில் போடும் லிங்க்கை அமுக்கினால் திறக்காது. ஷார்ட்ஸிலும் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து விளக்கத்திலும் கமெண்ட்டிலும் லிங்க் வேலை செய்யாமல் பண்ணிவிட்டார்கள். மோசடி லிங்க்குகளைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள், காரணம் சரிதான். ஆனால் நேர்மையாக விற்கிறவளுக்கும் வழி அடைபட்டது. இனி நம் பக்கத்துக்குள் வந்து, மேலே இருக்கும் லிங்க்கை அவர்களாகத் தேடித் திறக்க வேண்டும். அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்?

வீடியோவை எடுத்துவிடலாமே என்பார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். புது ஆட்களைக் கூட்டி வருவதும் அதே பழைய வீடியோதான். அதை மறைத்தால் வரத்து நின்றுபோகும், வைத்திருந்தால் நாள் முழுக்க இல்லை, இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கிடையில் யாரோ தரவிறக்கி, வாட்ஸாப்பில் சுற்றவிட்ட பிரதிகளை நான் என்ன செய்ய முடியும்?

பார்வை எண்ணிக்கையை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வை என்று கணக்கு. எண் ஏறியது, ஆர்டர் ஏறவில்லை. வாங்குகிறவர்கள் வேறு மாதிரி வருகிறார்கள். சேலையை விரித்து, முந்தி காட்டி, நீளம் சொல்லி, ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்று சொல்லி, விலையையும் வாயால் சொல்லும் வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதை ஆயிரம் பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். "விலைக்கு டிஎம் பண்ணுங்க", அதாவது விலையைத் தனிச் செய்தியில் கேளுங்கள் என்று போட்டால் கமெண்ட் கூடும் என்று பலர் சொன்னார்கள். நான் போடவில்லை, போடவும் மாட்டேன். விலையை மறைத்து ஒருவரைப் பேச்சுக்கு இழுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, தோழிக்கு என்ன சொல்வது? இவ்வளவு நன்மை சொன்ன பிறகும், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவளிடம் இருப்பது ஒரு ஜோடி கை. ஒரு கல்யாண ரவிக்கை முடிக்கவே நாள்கணக்காகும். தை முகூர்த்தத்துக்குத் தைத்ததை வீடியோ போட்டால் அது ஆடியில் ஓடினாலும் ஓடும், ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் ஓடினாலும் ஓடும். அந்த வாரம் வரும் எல்லோருக்கும் அதே டிசைன், அதே தேதிக்கு வேண்டும். முடியாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

நான் நிறுத்துவேனா? மாட்டேன். முடிச்சு அவிழும் வீடியோ இல்லாமல் இந்தச் சேலையை இந்த விலைக்கு என்னால் விற்க முடியாது. அவளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவள் வேலையின் அருமை பார்த்ததும் தெரிகிறது. இப்போதைக்கு வாட்ஸாப் ஸ்டேட்டஸ் போதும்மா. தெரிந்தவர்கள்தான் பார்ப்பார்கள், 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும்.