ஐ2சி சிப்பை போர்டே தேடட்டுமா, நாமே எழுதி வைப்பதா?

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பெட்டிகளின் வெப்பநிலையைப் பதிவு செய்ய ஒரு சின்ன லினக்ஸ் போர்டைத் தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தபோது எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம் இதுதான்: ஐ2சி பஸ்ஸில் (சிப்புகளை இரண்டே சிக்னல் கம்பியில் போர்டோடு இணைக்கும் தடம்) எந்தெந்த சிப் இருக்கிறது என்று பூட் ஆகும்போது போர்டே தேடிக் கண்டுபிடிக்கட்டுமா, இல்லை டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று லினக்ஸுக்குச் சொல்லும் பட்டியல்) முகவரியோடு எழுதி வைத்துவிடலாமா. நான் எழுதி வைக்கிற கட்சி.

யுஎஸ்பியிலோ பிசிஐயிலோ செருகிய பொருள் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கேட்டதும் சொல்லிவிடும். ஐ2சிக்கு அந்த வழக்கமே கிடையாது. 7 பிட் முகவரியைக் கூப்பிட்டால் யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும் பதில் வரும். ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண் முறை, கீழே வரும் முகவரிகளும் ரெஜிஸ்டர் எண்களும் அதில்தான்) 68 என்ற முகவரியில் டிஎஸ்3231 கடிகார சிப்பும் இருக்கலாம், எம்பியூ6050 அசைவு சென்சாரும் இருக்கலாம். லினக்ஸின் மையமான கர்னலில் சிப்பை இயக்கும் டிரைவரின் டிடெக்ட் ஃபங்ஷன், சிப்புக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சின்ன நினைவுக் கட்டங்களைப் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அடையாள ரெஜிஸ்டரே இல்லாத பழைய எல்எம்75 போன்ற சிப்பில் அது வெறும் ஊகம். தேடுவதே கெடுதல் செய்ததும் உண்டு. ஏடி24ஆர்எஃப்08 என்ற ஈஈப்ராம் நினைவக சிப்பின் முகவரியை க்விக் ரைட்டால் (தரவே இல்லாத எழுதும் அழைப்பு) சும்மா தட்டினாலே உள்ளே இருக்கும் தரவு கெட்டுப்போகும், அதனால்தான் பஸ்ஸைத் தேடும் ஐ2சிடிடெக்ட் கருவி 50 முதல் 5எஃப் வரை எழுதாமல் படித்துப் பார்க்கிறது.

தேடினால் பூட் தாமதமாகும் என்பார்கள், அதை நான் ஏற்கவில்லை. 100 கிலோஹெர்ட்ஸில் 08 முதல் 77 வரையுள்ள 112 முகவரிகளையும் தட்டிப் பார்க்க 10, 15 மில்லி செகண்ட் போதும்.

வித்தியாசம் துறைமுகத்தில்தான் தெரிந்தது. அப்போது எங்கள் ஸ்கிரிப்ட் பஸ்ஸைத் தேடி, 76இல் பதில் வந்தால், இன்ன சிப் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் நியூ டிவைஸ் ஃபைலில் பிஎம்இ280 (ஈரப்பதமும் அளக்கும் சென்சார்) என்று எழுதும். உப்புக் காற்றில் கனெக்டர் பின்னில் பச்சை பூத்துப் பதில் நின்றுபோக, அப்படி ஒரு சென்சாரே இல்லாதது போல போர்டு எழுந்து ஓடியது, லாகில் ஒரு வரி கூட இல்லை, பல நாள் ஈரப்பதக் கணக்கு வெற்று. டிவைஸ் ட்ரீக்கு மாறிய பிறகு அதே கனெக்டரை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தோம்: ப்ரோப் (டிரைவர் சிப்பை முதலில் தொட்டுப் பார்க்கும் கட்டம்) தோற்றது என்று முகவரியோடு லாகில் வந்து நின்றது. எனக்கு அது போதும்.

சரி, எழுதி வைத்ததே தப்பாக இருந்தால்? இருக்கும். பிஎம்இ280 என்று வாங்கிய மாட்யூலில் ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280 வந்திருக்கிறது, முகவரியும் அதே 76. ஆனால் டி0 ரெஜிஸ்டரைப் படித்தால் முதலாவதில் 60, இரண்டாவதில் 58. டிரைவர் ப்ரோபிலேயே அதைப் படிக்கிறது. ஆக, இடத்தை நாம் எழுத வேண்டும், ஆளை டிரைவர் சரிபார்க்க வேண்டும். தேடும் கருவி பெஞ்சில் புது போர்டைச் சோதிக்கும்போது கையில் இருக்கட்டும்.

ஒரே தரவுக் கம்பியில் ஓடும் 1-வயர் பஸ் மட்டும் வேறு. பெட்டிகளுக்குள் தொங்கும் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் ஒவ்வொன்றிலும் 64 பிட் எண் உண்டு: 8 பிட் குடும்ப எண், 48 பிட் வரிசை எண், பிழை கண்டுபிடிக்க 8 பிட் சிஆர்சி. தேடுவதற்கென்றே அமைந்த பஸ் இது, வழக்கமான அமைப்பில் கர்னல் 10 செகண்டுக்கு ஒருமுறை தானே தேடும், அங்கே தேடலை நான் தாராளமாக விடுவேன். அப்புறம் மூன்றாம் பெட்டியின் சென்சாரை மாற்றினோம், புது எண் உடனே வந்துவிட்டது, ஆனால் அது எந்தப் பெட்டி என்று பஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? இப்போது கேபிளில் பெட்டி எண்ணை மார்க்கரில் எழுதி, மேலே டேப் ஒட்டி, எந்த சென்சார் எண் எந்தப் பெட்டி என்று ஒரு ஃபைலிலும் எழுதி வைக்கிறோம்.