மேகம் வழிவிட்டால் சனி: 6 அங்குல டாப்சோனியன்

சென்னையில் ஐப்பசி அடைமழையில் தொலைநோக்கி வாங்கினால் வீட்டில் என்ன அர்ச்சனை கிடைக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் 150 மி.மீ. (6 அங்குல) கண்ணாடி கொண்ட இந்த டாப்சோனியன் (எளிய தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் தொலைநோக்கி) நம்ம ஊர் வானத்துக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. மோட்டார் கிடையாது. துருவ நட்சத்திரத்தைத் தேடி நேர்செய்யும் தொல்லையும் கிடையாது (இங்கே அது 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்!). மேகம் விலகினால் குழாயைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டியதுதான்.

ஏசி அறையில் மட்டும் வைக்காதீர்கள். மாடிக்குக் கொண்டுவந்ததுமே கண்ணாடியில் ஆவி படிந்துவிடும்.

25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) 48 மடங்கு உருப்பெருக்கம். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் சாம்பல் புகை மாதிரி. நடுவில் டிரபீசியம் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் 4 நட்சத்திரங்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. போட்டோவில் வரும் இளஞ்சிவப்பை எதிர்பார்க்கக் கூடாது. சனிதான் பாவம், 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டிய வளையம் நவம்பரிலும் மெல்லிய கோடாகவே இருந்தது.

கூடவே தந்த 10 மி.மீ. ஐபீஸ் சுமார் ரகம்: பார்வைப் புலம் குறுகல், ஓரமெல்லாம் மங்கல். நல்லதாக ஒன்று தனியாக வாங்கப் பணம் எடுத்துவையுங்கள். அப்புறம், லிஃப்ட் இல்லாத வீடென்றால் தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.