“சத்தமே வராது”ன்னு வித்த கோழிக்கூடு: பதினொரு மாசம் வச்சிப் பாத்துட்டு எழுதுறேன்

போன வருசம் சித்திர வருசப் பொறப்பு முடிஞ்ச கையோட டவுன்ல கோழிக்கூடு செஞ்சி விக்கிற ஒரு கடையில 28,500 ரூவா குடுத்து இந்தக் கூட வாங்குனேன். கடை பேரு வேணாம், ஆளு நல்ல ஆளுதான், வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. “தம்பி, இதுல கோழி வச்சா பக்கத்து வீட்டுக்காரனுக்கு நீங்க கோழி வளக்குறதே தெரியாது”ன்னாரு. நானும் நம்பிட்டேன்.

நாங்க இருக்குறது இலங்க மலையகத்துல கொட்டகல பக்கம், தோட்டத்து ஆளுகளுக்கு இந்தியா உதவியில கட்டுன இந்திய வீட்டுத் திட்டத்துல கெடச்ச வீடு, 7 பேர்ச் காணி. முன்ன தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன வீட்டுல, இருந்தப்ப எல்லா காம்பராவுலயும் (அறையிலயும்) கோழி நின்னுச்சி, செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருமுனா கூட நம்ம இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) கேக்கும், ஆனா கோழி சத்தத்துக்கு ஒருத்தரும் சண்ட போட்டதா எனக்கு ஞாபகம் இல்ல, ஏன்னா எல்லாரு சேவலும் கூவும், யாரு யார கேக்குறது. இப்ப தனித்தனி வீடு, நடுவுல எடம் இருக்கு, அமைதியா இருக்கு, அதனாலயே ஒரு சின்ன சத்தமும் பெரிசா கேக்குது. வலது கைப்பக்கம் இருக்குற அண்ணனுக்கு பெக்டரியில நைட் வேல. காலையில ஆறரைக்கு வந்து குளிச்சிட்டு படுத்தாருன்னா மத்தியானம் ஒரு மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. எடது பக்கம் ஒரு பாட்டியும் அவங்க மகளும். அதாவது ஒரு பக்கம் பகல்ல சத்தம் ஆகாது, மறுபக்கம் விடியக்காலையில சத்தம் ஆகாது. இந்த நெலமையில தான் நான் கோழி வளக்க ஆசப்பட்டேன், 2022, 2023ல முட்ட 50 ரூவாய தாண்டி போனப்ப பட்ட கடுப்பு இன்னும் போகல.

கூடு எப்பிடின்னா, நாலடிக்கு மூனடி, கால் மேல நிக்குது, கீழ கோழி ஓடியாட கம்பி வலை அடிச்ச ஆறடி எடம் ஒன்னு சேத்து குடுத்தாங்க. மேல தகரம். உள்ள உக்கார ஒரு கட்டை, பக்கத்துல முட்ட விடுறதுக்கு ஒரே ஒரு பெட்டி. “6 கோழிக்கு”ன்னு சொன்னாரு. கட்டையில ஆறு உக்காரும், அது உண்மை, ஒரு கோழிக்கு எட்டு இஞ்சி வீதம் வருது. ஆனா மழ பேஞ்சி நாள் முழுக்க உள்ளயே அடஞ்சி கெடக்குற நம்ம ஊருக்கு இது நாலு கோழிக்கு தான் கூடு. எடம் பத்தலன்னா கொத்திக்கும், கொத்திக்கிட்டா கத்தும், அவ்ளோதான்.

நான் விட்டது அஞ்சு சிகப்புப் பெட்டை, பதினெட்டு வாரத்துக்கு வளத்து விக்கிற எடத்துல வாங்குனது. இந்த சிகப்பு ரகத்துல குஞ்சுலயே நெறத்த பாத்து சொல்லிடலாம், பெட்டை செம்பழுப்பா இருக்கும், சேவல் வெள்ள மஞ்சளா இருக்கும், அதனால பெட்டைன்னு வாங்குனா பெட்டை தான். சேவல் இல்லாட்டி முட்ட விடாதுன்னு இன்னமும் நெனைக்கிறவங்க இருக்காங்க, எங்க மாமாவே கேட்டாரு. சேவல் குஞ்சுக்கு தான் வேணும், முட்டைக்கு வேணாம்.

இதோட நிறுத்தியிருந்தா பரவால்ல. கூடு வாங்குன அன்னைக்கு கடைக்காரரு “போனஸ்”னு சொல்லி ஒரு நாட்டுக்கோழி குஞ்ச ஒரு பிஸ்கட் பொட்டியில வச்சி குடுத்தாரு, பெட்டைன்னு சத்தியம் பண்ணாரு. நாட்டுக் கோழியில குஞ்சுலயே நெறத்த வச்சி பிரிக்க முடியாது. நாலு மாசத்துல கொண்டை செவந்துச்சி, வால் கிட்ட ரெக்க ஊசி ஊசியா நீட்டி வந்துச்சி, அம்மா ஒரு பார்வ பாத்துட்டு “டேய் இது சேவல்டா”ன்னாங்க. மறு வாரம் விடியக்காலையில மூனரை மணிக்கு எண்ண போடாத கதவு கீல் மாதிரி ஒரு சத்தம். பாட்டி வீட்டுல லைட்டு எரிஞ்சிச்சி. நான் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு அது வேற யாரோட சேவலாவது இருக்கக் கூடாதான்னு கும்பிட்டேன்.

கூட்டுக்கு போர்வ போத்து, இருட்டாக்கு, கழுத்த நிமித்த முடியாத அளவுக்கு ஒசரத்த கொறன்னு ஆளுக்கு ஒன்னு சொன்னாங்க. போர்வ போத்துனா சத்தம் கொஞ்சம் அமுங்கும், நேரம் மாறாது, ஏன்னா வெளிச்சமே இல்லாட்டியும் சேவலுக்கு உள்ளுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது, விடியிறதுக்கு முன்னாடியே அது கூவிரும். கழுத்த மடக்குற வேல எனக்கு பாவமா இருந்துச்சி, செய்யல. கடைசியில எங்க தோட்டத்து காவல் சாமி ரோதமுனிக்கு நேந்து விட்டுட்டோம். தூக்கம் கெட்ட அண்ணனும் சேந்து தான் சாப்பிட்டாரு, “கறி நல்லாருக்கு தம்பி, கொரலு தான் நல்லால்ல”ன்னாரு. கடைக்காரருக்கிட்ட போய் சொன்னேன், சிரிச்சாரு, “சும்மா குடுத்தது தானே”ன்னாரு.

சரி, சேவல் போச்சி, இனி அமைதின்னு நெனச்சேன். இல்ல.

பெட்டைக்கோழி ராத்திரி மூச்சு காட்டாது, இருட்டுன ஒடன கட்டையில ஏறி உக்காந்துரும், அத பத்தி யாரும் பயப்பட வேணாம். பிரச்சின காலையில. வெளிச்சம் வந்து சில மணி நேரத்துல முட்ட விடும், விட்டுட்டு வெளிய வந்து கொக்கரிச்சி கேறும் பாருங்க, ஒன்னு ஆரம்பிச்சா மத்ததெல்லாம் சேந்துக்கும், என்னமோ அஞ்சும் சேந்து ஒரே முட்டய விட்ட மாதிரி. நான் அண்ணன்கிட்ட “ஒம்போது மணிக்கு ஒருக்கா தான் கத்தும் அண்ணே, அஞ்சு நிமிசம்”னு சொல்லி வச்சிருந்தேன். அது தப்பு. ஒரு முட்ட உருவாக இருபத்தி நாலு மணிக்கு மேல ஆகுது, இருபத்தஞ்சி இருபத்தாறுன்னு வச்சிக்கங்களேன், அதனால இன்னைக்கு எட்டுக்கு விட்டது நாளைக்கு ஒம்போதுக்கு, அடுத்த நாள் பத்துக்குன்னு தள்ளிக்கிட்டே போய் ஒரு நாள் லீவு போட்டுட்டு மறுபடி காலையிலருந்து ஆரம்பிக்கும். அஞ்சு கோழி அஞ்சு நேரம். எட்டுலருந்து பன்னெண்டு வரைக்கும் எப்ப வேணா கச்சேரி. சரியா அண்ணன் தூங்குற நேரம்.

ஒரு லீவு நாள்ல ஸ்டூல் போட்டு கூட்டு கிட்ட ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்தேன் (வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க). அப்ப தான் வெளங்குச்சி. முட்ட விட்டுட்டு கேறுறது ரெண்டு மூனு நிமிசத்துல அடங்கிருது. நீளமா இழுத்து அழுவுற சத்தம் போடுறது முட்ட விட்ட கோழி இல்ல, பெட்டிக்கு எடம் கெடைக்காம வெளிய நிக்கிற கோழி. உள்ள ஒன்னு சொகமா உக்காந்திருக்கு, வாசல்ல ஒன்னு கழுத்த நீட்டி நீட்டி “க்கேஏஏஏ”ங்குது, அதுக்கு பின்னால இன்னொன்னு. லயத்துல தண்ணி பீலிக்கிட்ட கொடத்த வச்சிக்கிட்டு நின்ன மாதிரியே. ஆக சத்தத்துக்கு காரணம் கோழி இல்ல, கடைக்காரரு வச்ச ஒத்தப் பெட்டி.

பழக்கடையில திராட்ச வர்ற மரப்பொட்டி ஒன்னு 150 ரூவாக்கு வாங்கி ரெண்டாவது பெட்டியா உள்ள வச்சேன். மூனு நாள் அதுங்க திரும்பிக்கூட பாக்கல, எல்லாத்துக்கும் அந்த பழைய பெட்டி தான் வேணும். பொறகு தம்பி மகன் வெளையாடுற டேபிள் டெனிஸ் பந்து ஒன்ன புதுப் பெட்டியில போட்டேன், முட்டன்னு நெனச்சிக்கிச்சி, நாலாவது நாள் ஒன்னு போய் உக்காந்துச்சி. இன்னொன்னு, பெட்டி வாசல் இருட்டா இருக்கணும். அம்மா தேயில கொழுந்து பறிக்க போன காலத்துல இடுப்புல கட்டுன பழைய படங்கு (கெட்டித் துணி) ஒன்னு வீட்டுல கெடந்துச்சி, அத வெட்டி ரெண்டு பெட்டிக்கும் திரை மாதிரி ஆணி அடிச்சி தொங்க விட்டேன், நடுவுல ஒரு கீறு. மொதல்ல அம்மா திட்டுனாங்க, பொறகு அவங்களே வந்து கீறுன எடத்த தச்சி குடுத்தாங்க, பிரியாம இருக்கட்டும்னு. அந்த வாரத்துலருந்து இழுத்து அழுவுற சத்தம் முக்கால்வாசி இல்ல. கேறுறது இருக்கு. அத ஒன்னும் பண்ண ஏலாது.

அடுத்த கொற, கூட்டோட முன்பக்கம் முழுக்க வலை. பாக்க அழகா இருக்கு, ஆனா விடிஞ்ச ஒடன வெளிச்சம் நேரா உள்ள அடிக்குது, கோழி எந்திரிச்சி கதவ தெறன்னு சத்தம் போடும். அதயும் படங்கால பாதிக்கு மூடி, கூட்ட அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு முதுக காட்டுற மாதிரி திருப்பி, மதிலுக்கு பதிலா நம்ம குசினி (சமையக்கட்டு) செவுத்தோரமா வச்சிட்டேன். முழுசா மூடிராதீங்க, கூர கிட்ட மேல காத்து போக எடம் இருக்கணும், இல்லாட்டி ராத்திரி கோழி விடுற மூச்சு தகரத்துல பட்டு காலையில சொட்டு சொட்டா கீழ ஊத்தும். பல்பு போட்டா முட்ட கூடும்னு ஒருத்தரு சொன்னத கேட்டு ஒரு வாரம் விடியக்காலம் நாலு மணிக்கு லைட்டு போட்டேன். கோழிக்கு நெறைய முட்ட விட பதினாலு மணி நேரத்துக்கு மேல வெளிச்சம் வேணும், நம்ம நாட்டுல வருசம் பூரா பன்னெண்டு மணி நேரம் தான் பகல், அதனால சொன்னதுல ஞாயம் இருக்கு. ஆனா அஞ்சு மணிக்கே அஞ்சும் எந்திரிச்சி பேச ஆரம்பிச்சிருச்சி, பாட்டி மகள் வந்து மெதுவா “தம்பி கோழிக்கு என்ன, ஒடம்பு சரியில்லயா”ன்னு கேட்டாங்க. அன்னைக்கே பல்ப கழட்டிட்டேன். இப்ப ஒரு நாளைக்கு நாலு முட்ட, சில நாள் மூனு, எங்களுக்கு போதும்.

மழை விசயத்துல இந்தக் கூடு பெயில். வைகாசி ஆனில நம்ம பக்கம் பேயிற மழைக்கு தரையில அடிச்ச பிளைவூட் ஊதி பப்படம் மாதிரி பொங்கிருச்சி. ஈரம் ஏறுனா நாத்தம், நாத்தம் வந்தா பக்கத்து வீட்டுக்காரங்க சத்தத்த விட அதுக்கு தான் மொதல்ல பி.எச்.ஐ.ய (சுகாதாரப் பரிசோதகர) கூப்புடுவாங்க. கண்ண கரிக்கிற மாதிரி ஒரு வாட வருதுன்னா அது ஈரமான எச்சம், வேற ஒன்னும் இல்ல. பலகை மில்லுல மரச்சீவல் வாங்கி நாலு இஞ்சிக்கு போட்டு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா கிளறி விட்டு, நனஞ்ச எடத்த மட்டும் அள்ளிருவேன். தூளா இருக்குறது வேணாம், சீவல் சீவலா இருக்கணும், தூளு கோழி மூக்குல ஏறும். அள்ளுனத நேரா லீக்ஸ் பாத்தியில கொட்டிறாதீங்க, பச்ச எச்சம் வேர கருக்கிரும், நான் ஒரு பாத்தி கோவாவ (முட்டைக்கோஸ) அப்பிடித்தான் எழந்தேன். மாசக்கணக்கா குமிச்சி மக்க விட்டு தான் போடணும்.

வலையும் சொல்லணும். குடுத்தது அந்த அறுகோண கோழி வலை, அது கோழிய உள்ள வைக்கும், கீரிய வெளிய வைக்காது. ஒரு ராத்திரி அஞ்சும் சேந்து அலறுன அலறல்ல ரெண்டு பக்கமும் லைட்டு எரிஞ்சிச்சி. டோர்ச் அடிச்சா மரநாய் ஒன்னு வலய புடிச்சி தொங்குது. மறு நாளே அர இஞ்சி வெல்ட் வலை வாங்கி அடிச்சேன், 4,200 ரூவா ஆச்சி. தீனிய ராத்திரி உள்ள வைக்காதீங்க, எலி வரும், எலி வந்தா கோழி தூங்காது, கோழி தூங்கலன்னா யாரும் தூங்க ஏலாது. ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 110லருந்து 120 கிராம் லேயர் தீனி, எனக்கு 25 கிலோ மூட்ட ஒன்னு நாப்பது நாளைக்கு ஓடுது. பசியில கத்துற கோழிய அமத்த வேற வழி இல்ல, நேரத்துக்கு போட்ருங்க.

அண்ணனுக்கு வாரம் அஞ்சாறு முட்ட குடுக்குறேன். லஞ்சம் தான், வேற என்ன. கார்த்திகையில அவரு ஐயப்பனுக்கு மால போட்டாரு, முட்டய வாங்கல, அந்த நாப்பது நாளும் ஒவ்வொரு தடவ கோழி கேறும்போதும் எனக்கு வயித்த கலக்குச்சி. ஒரு நாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து “சாமி, ஒங்க கோழி முட்ட விட்ருச்சி, எடுத்துருங்க”ன்னு தூக்கக் கலக்கத்துலயே கொரல் குடுத்தாரு. கோவமா கேலியான்னு இன்னும் தெரியல.

மார்க்கு கேட்டா கூட்டுக்கு அஞ்சுக்கு ரெண்டர. சட்டம் நல்ல மரம், ஆட்டம் இல்ல, முட்ட எடுக்குற கதவு வெளியிலருந்து தெறக்குற மாதிரி வச்சது அருமையான யோசன, மழயில நனயாம எடுக்கலாம். ஆனா தர, வலை, ஒத்தப் பெட்டி மூனும் மாத்துனதுக்கு பொறகு தான் இது கூடு ஆச்சி. வாங்குறதா இருந்தா தரைக்கு பலக அடிச்சி குடுங்க, வெல்ட் வலை போடுங்கன்னு முன்கூட்டியே சொல்லி பேசிக்கங்க. ரெண்டாவது முட்டப் பெட்டிக்கு தனியா 3,500 கேப்பாரு, குடுக்காதீங்க, பழக்கடைக்கு போங்க. போனஸ் குஞ்சு தந்தா வேணாம்னு சொல்லிருங்க.