ஈம் கிராமத்தில் ஒரு நடை: கதை முழுசு, கணக்கு பாதி

இங்கிலாந்தின் டார்பிஷரில், குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஈம் என்ற சிற்றூரை வழிகாட்டி ஒருவருடன் சுற்றிப்பார்க்கும் இரண்டு மணி நேர நடைக்கு அண்மையில் சென்றுவந்தேன். ஆங்கில எழுத்தை நம்பி நான் ‘ஈயாம்’ என்று உச்சரித்ததை அந்த வழிகாட்டி சிரித்துக்கொண்டே திருத்தினார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 969 பேரே இருந்த இந்த ஊருக்கு இன்றும் ஆட்கள் தேடி வருவதற்குக் காரணம், 1665–66இல் பிளேக் நோய் புகுந்தபோது ஊரார் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டதுதான்.

நடையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், தேவாலயத்துக்குப் பக்கத்தில் ‘பிளேக் வீடு’ என்று அழைக்கப்படும் வீடு. தையற்காரர் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்டுக்கு லண்டனிலிருந்து வந்த துணிமூட்டையில் நோய் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்றும், ஈரத் துணியை நெருப்பருகே விரித்து உலர்த்திய வேலையாள் ஜார்ஜ் விக்கர்ஸ்தான் முதலில் இறந்தவர் என்றும் சொல்லப்படுகிறது. இதைச் சொல்லிவிட்டு வழிகாட்டி மேற்கொண்டு பேசாமல், வாசலில் உள்ள பச்சைப் பலகையை எங்களையே படிக்கவிட்டார். விக்கர்ஸ் இறந்தது 1665 செப்டம்பர் 7. ஹாட்ஃபீல்டின் மனைவி மேரியின் மகன்களில் நான்கு வயது எட்வர்ட் செப்டம்பர் 22. பன்னிரண்டு வயது ஜொனாதன் அக்டோபர் 2. ஹாட்ஃபீல்ட் மறு ஆண்டு ஆகஸ்ட் 3. அந்த வீட்டில் பிழைத்தவர் மேரி ஒருத்தியே. அவரும் உறவினர் பதின்மூன்று பேரை இழந்தார். வீட்டில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஊரை அடைத்த முடிவை வழிகாட்டி விளக்கிய விதத்தையும் பாராட்ட வேண்டும். பாதிரியார் வில்லியம் மாம்ப்பெஸ்ஸன் ஊருக்குப் புதியவர், அவர் பேச்சை மக்கள் அவ்வளவாக ஏற்கவில்லை என்பதையும், அதனால் அரசின் வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பதவியிழந்திருந்த பழைய போதகர் தாமஸ் ஸ்டான்லியின் துணையை அவர் நாட வேண்டியிருந்தது என்பதையும், வெறும் தியாகக் கதையாக்காமல் ஊர் அரசியலாகவே சொன்னார். 1666 ஜூனில் இருவரும் சேர்ந்து வகுத்த ஏற்பாட்டின்படி வழிபாடு திறந்தவெளிக்கு மாறியது. இறந்தவர்களை அவரவர் குடும்பத்தாரே அடக்கம் செய்தனர். எல்லையை யாரும் தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. ஸ்டோனி மிடில்டன் செல்லும் வழியில் உள்ள எல்லைக்கல்லின் குழிகளில், நோய் தொற்றாது என்ற நம்பிக்கையில் வினிகரை ஊற்றி, அதில் காசைப் போட்டுவைத்து, வெளியார் கொண்டுவந்து வைத்த உணவை எடுத்துக்கொண்டார்கள். விளிம்பு மழுங்கிய அந்தக் குழிகளில் ஒன்றில் என் விரலை விட்டுப் பார்த்தேன். முந்தைய நாள் மழைநீர் தேங்கியிருந்தது.

என் குறை கணக்கில்தான். ‘350 பேரில் 260 பேர் மாண்டார்கள், 83 பேர் எஞ்சினார்கள்’ என்று அவர் மூன்று முறை சொன்னார். இறந்தவர்கள் ஏறத்தாழ 260 என்பதற்குத் தேவாலயப் பதிவேடு துணை நிற்கிறது. ஆனால் ஊரின் மொத்த மக்கள்தொகை 350தான் என்பது நெடுங்காலமாக மறுக்கப்பட்டுவரும் எண். 2016இல் வெளியான ஒரு தொற்றியல் ஆய்வு, பதிவேட்டையும் வீட்டுக்கு எத்தனை அடுப்பு என்று கணக்கிட்டு வாங்கிய அந்தக் கால வரிப்பட்டியலையும் ஒப்பிட்டு, ஊரில் சுமார் 700 பேர் இருந்திருக்க வேண்டும் என்று கொண்டது. நான்கில் மூவர் மடிந்த ஊர், இந்தக் கணக்கில் மூவரில் ஒருவருக்குச் சற்று மேல் மடிந்த ஊராகிவிடுகிறது. தொற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு எலி, தெள்ளு வழியாக அல்லாமல் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியது என்றும் அதே ஆய்வு கூறுகிறது; ஊரை அடைத்தது ஊருக்குள் இருந்தவர்களுக்கு என்ன செய்தது என்ற சங்கடமான கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது. நான் இதைக் கேட்டபோது, ‘அது அறிஞர்கள் விவகாரம்’ என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார். பணம் கொடுத்து வந்தவருக்கு இரண்டு எண்களையும் சொல்வதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவாகாது.

ஊரிலிருந்து அரை மைல் தள்ளியிருக்கும் ரைலி கல்லறைகள் இந்த நடையில் சேர்க்கப்படாததும் எனக்கு ஏமாற்றமே. வட்டக் கற்சுவருக்குள் இருக்கும் அந்தக் கற்கள் எலிசபெத் ஹான்காக்கின் குடும்பத்துக்கு உரியவை. 1666 ஆகஸ்டில் எட்டே நாள்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அவர் தாமே இழுத்துச்சென்று புதைத்தார். நடை முடிந்தபின் நான் தனியாகப் போனேன். மேட்டுப்பாதை, நல்ல காலணி அவசியம்.

கதை சொல்லும் திறமைக்காக ஐந்துக்கு மூன்றரை தருவேன். செல்பவர்கள் ஹாக்ஹில் சாலையில், பழைய மெதடிஸ்ட் சிற்றாலயத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிடுங்கள். வண்டி நிறுத்துமிடம் அதற்கு எதிரிலேயே இருக்கிறது.