ஆர்.எக்ஸ்-8ஆ, 350இசட்டா? பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பே தேடியபோது

கனடாவின் ஒன்டாரியோவில் இரண்டு மாதமாகத் தேடியதில் என் பட்டியலில் மிஞ்சியவை இரண்டு கார்கள்: மாஸ்டா ஆர்.எக்ஸ்-8, நிசான் 350இசட். இரண்டும் 2000களின் ஜப்பானியக் கார்கள், பின்சக்கர இழுவை, ஆறு கியர் மேனுவல். நான் பார்த்தவற்றின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஓட்டிப் பார்த்தால் மனசு முதலில் ஆர்.எக்ஸ்-8 பக்கம் சாய்ந்துவிடும். அதில் பிஸ்டனே கிடையாது. 1.3 லிட்டர் ரோட்டரி இன்ஜினுக்குள் முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள் சுழல்கின்றன. 9,000 ஆர்.பி.எம். வரை வழுக்கிக்கொண்டு ஏறும். சின்ன இன்ஜின் என்பதால் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். வளைவில் ஸ்டீயரிங் சொன்ன இடத்துக்கு மூக்கு உடனே திரும்பும். பின்பக்கம் எதிர்த்திசையில் திறக்கும் இரண்டு குட்டிக் கதவுகளும், ஆள் உட்காரும்படியான பின்சீட்டும் உண்டு. குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். 350இசட்டில் இரண்டே சீட். டிக்கிக்குக் குறுக்கே ஒரு தடித்த தண்டு வேறு.

இழுவையில் கதை தலைகீழ். 350இசட்டின் 3.5 லிட்டர் வி6 சுமார் 370 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தரும். ஆர்.எக்ஸ்-8க்குச் சுமார் 215தான். கியரை மாற்றி மாற்றி விரட்டினால்தான் அது உயிர் பெறும், பெட்ரோலையும் நன்றாகவே குடிக்கும்.

சரி, பிரச்சினை எங்கே? ரோட்டரின் ஓரங்களில் காற்று கசியாமல் அடைக்கும் சீல்களில். அவை தேயாமல் இருக்க இன்ஜினே கொஞ்சம் ஆயிலை உள்ளே தெளித்து எரிக்கும். ஆயில் அளவை அடிக்கடி பார்க்காதவரிடம் இருந்த கார் என்றால் சீல் தேய்ந்து கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் திறன், விழும். 2009 முதல் ஆயில் தெளிப்பை மேம்படுத்தினார்கள். அதற்கு முந்தைய கார்களில் கூடுதல் கவனம் வேண்டும். இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவு பல நேரம் காரின் விலையையே தாண்டிவிடும்.

நான் பார்த்த இரண்டாவது ஆர்.எக்ஸ்-8 குளிர்ந்த நிலையில் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது. இருபது நிமிடம் ஓட்டி, பெட்ரோல் பங்கில் அணைத்து, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. பேட்டரி பழசு என்றார் விற்பவர். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகத் திணறுவது கம்ப்ரஷன் குறைந்ததற்கான முக்கிய அடையாளம். அப்புறம் வேறொரு ஆர்.எக்ஸ்-8ஐ ஒரு கராஜில் காட்டினேன். பிஸ்டன் இன்ஜினுக்கான சாதாரண கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்து, ஒரே ஒரு எண்ணைச் சொல்லி, நன்றாக இருக்கிறது என்றார்கள். ரோட்டரிக்கு அது செல்லாது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், ஆக ஆறு எண்கள் வேண்டும். அதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. இன்ஜின் 250 ஆர்.பி.எம். வேகத்தில் சுற்றும் கணக்கில் எந்த எண்ணும் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக் கூடாது.

350இசட்டின் நோய்கள் டெஸ்ட் டிரைவிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆரம்ப வருடக் கார்களில் மூன்றாவது கியருக்கு இறக்கும்போது உரசல் கேட்கிறதா, முன் டயர் ஓரங்கள் ரம்பம்போல் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2005, 2006 மேனுவல் கார்களில் சில ஆயில் குடிக்கும். 2007இல் வந்த 306 குதிரைசக்தி இன்ஜின்தான் என் தேர்வு. ஆனால் அதில் கிளட்சை இயக்கும் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளே இருக்கிறது. பெடல் தொய்ந்தால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும்.

இரண்டுக்கும் இங்கே பொது எதிரி சாலை உப்பு. கதவுக்குக் கீழ் விளிம்பையும் பின்சக்கர வளைவையும் விரலால் தடவிப் பாருங்கள், பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே துரு. பதிவுக்குக் கேட்கும் சேஃப்டி சான்றிதழை நம்பி இன்ஜினை எடை போடாதீர்கள், கம்ப்ரஷனை அதில் யாரும் பார்ப்பதில்லை.

ஆறு எண்களும் எழுதிய தாளை யாராவது நீட்டினால் இப்போதும் ஆர்.எக்ஸ்-8தான் வாங்குவேன். இதுவரை யாரும் நீட்டவில்லை. வரும் சனிக்கிழமை ஒரு 2007 350இசட்டை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கப் போகிறேன்.