ரெக்கோடரா, கூடு பார்க்கிற ஆளா?

தொலைக்கல்வியில் படிக்கிற பாடத்துக்காக ஒரு பறவைக் கண்காணிப்புத் திட்டம் எழுத வேண்டியிருந்தது. பறவை, அமெரிக்காவின் தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பான். அரிசோனா, நியூ மெக்சிகோப் பக்கம் பாலைவனத்தை ஊடறுத்து ஓடும் ஆறுகளின் கரைப் புதர்களில் கூடு கட்டுகிற, 12 கிராம் அளவே எடையுள்ள சின்னக் குருவி. 1995 முதல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தந்த காசுக் கணக்கில் ஒன்றைத்தான் வாங்கலாம்: புதருக்குள் கட்டிவிடும் ஒலிப்பதிவு ரெக்கோடர்கள், இல்லாவிட்டால் கூடு தேடிப் பின்தொடர இரண்டு ஆட்கள். முதலில் ரெக்கோடர் என்றுதான் எழுதினேன், பிறகு அழித்துவிட்டு ஆட்களைப் போட்டேன்.

ரெக்கோடரின் நல்லதெல்லாம் தெரிந்ததுதான்: விடியற்காலை நாலரைக்கு யாரும் எழும்பத் தேவையில்லை, பறவைக்கும் தொல்லை இல்லை. இந்தக் குருவிக்கு அது இன்னும் பொருந்தும். இதன் சொந்தக்காரக் குருவிகள் எல்லாம் ஒரே அச்சு என்பதால் 'ஃபிட்ஸ்-பியூ' என்ற பாட்டை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கிறார்கள். அதோடு மே மாதத்தில் வடக்கே போகிற வில்லோ ஈப்பிடிப்பானின் மற்ற உபஇனங்களும் அதே புதரில் இறங்கிப் பாடிவிட்டுப் போகும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை 20 வரை கேட்டால்தான் அந்த இடத்துக் குருவி என்று நம்பலாம். நடந்து போகிறவர் பருவத்துக்கு மூன்று முதல் ஐந்து தடவை போவார், ரெக்கோடர் எல்லா நாளும் அங்கேயே கிடக்கும்.

இரவல் வாங்கிய ஒன்றை கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவில் மூன்று கிழமை வைத்துப் பார்த்தேன். நாளுக்கு நாலு மணித்தியாலம், மொத்தம் 84 மணித்தியாலப் பதிவு. சத்தத்தை வைத்துப் பறவையை அடையாளம் சொல்லும் பேர்ட்நெட் மென்பொருள் பெயர்களைக் கொட்டித் தந்தது, அதைச் சரிபார்க்க ஹெட்போனோடு இருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

என் மனதை மாற்றியது வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலுள்ள மாமரம். பல்கனிக்கு நேரே அதில் ஒரு காகக் கூடு, காலையில் இருந்து ஒரே கரைச்சல். கரையிற சத்தத்தை மட்டும் எண்ணியிருந்தால் குடும்பம் நல்லபடி என்று எழுதியிருப்பேன். அம்மாதான் ஒரு நாள் ரீக்கோப்பையோடு நின்று, "இது காகக் குஞ்சு இல்ல, வாயைப் பார்" என்றா. புள்ளி விழுந்த குயில் குஞ்சு, சிவந்த வாயைப் பிளந்துகொண்டு இருக்க, காகம் சோற்றுப் பருக்கையை உள்ளே திணித்துக்கொண்டிருந்தது.

அரிசோனாப் பக்கமும் அதே கதைதான், குயிலுக்குப் பதில் கௌபேர்ட் என்ற பறவை. ஈப்பிடிப்பானின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அதன் குஞ்சு முந்திப் பொரித்து, பெரிதாகி, சாப்பாட்டை எல்லாம் பறித்துக்கொள்ளும். ஆண் குருவி என்னவோ வழக்கம்போலப் பாடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, பல பாட்டுக் குருவிகளில் சோடி கிடைக்காத ஆண்தான் கூடுதலாகப் பாடும், ஆகவே கெட்ட வருஷத்தில் பதிவுக் கணக்கு ஏறிக்கூடப் போகலாம். கௌபேர்டுக்குப் பொறி வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க, எத்தனை கூட்டில் அதன் முட்டை இருந்தது என்று தெரிய வேண்டும். கலிபோர்னியாவின் பெல்ஸ் விரியோ என்ற இன்னொரு குருவி 1986இல் பட்டியலில் சேர்ந்தபோது சுமார் 300 சோடிதான் இருந்தது. கௌபேர்டுக்குப் பொறி வைத்ததும் கரைக்காட்டை மீட்டதும் சேர்ந்துதான் அது எழும்பியது. தமரிஸ்க் புதர் விஷயமும் இப்படித்தான். வெளியிலிருந்து வந்த அந்தப் புதரை ஒழிக்க விட்ட வண்டு, அதில் குருவி அடைகாக்கிற நேரத்திலேயே இலையைத் தின்றுவிட, கூடு வெயிலில் காய்கிறது. மைக்குக்கு இலை தெரியாது. அரிசோனாவின் ரூஸ்வெல்ட் ஏரியில் 1996 முதல் 2005 வரை காலில் நிற வளையம் போட்டு ஒவ்வொரு குருவியாகப் பின்தொடர்ந்ததும் ஆட்கள்தான்.

ஆட்களாலும் கெடுதி உண்டு. கூட்டடிக்குப் போகிற தடமே எதிரிக்கு வழிகாட்டும், அதனால் நீட்டுக் கம்பில் முகம் பார்க்கிற கண்ணாடி கட்டி எட்டி நின்று பார்க்கிறார்கள், அனுமதிப் பத்திரமும் வேண்டும். என் கூடு பார்த்த அனுபவம் அந்த மாமரத்தோடு சரி, அரிசோனாவில் கால் வைத்ததில்லை. ஒருவர் நாளுக்கு எத்தனை கூடு பார்ப்பார் என்று நான் போட்டது வெறும் உத்தேசம்.

மிச்சக் காசில் ஒரு ரெக்கோடரும் சேர்த்தேன், குருவி வந்ததா என்றே தெரியாத புதுக் கரைகளுக்கு. கண்ணாடிக் கம்புக்கு விலை தெரியாததால், புறக்கோட்டையில் ஜன்னல் துடைக்கிற கம்பு என்ன விலை என்று விசாரித்து, அதையே டொலரில் மாற்றிப் போட்டுவிட்டேன்.